கறுப்பு டைரிக்கு ஞாயிறு லீவு

அத்தியாயம் 3

ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரச் சொன்ன முதலாளியை மனத்துக்குள் திட்டிக்கொண்டே சாந்த் பாஷா மாடிப்படி ஏறினான். ஓசூர் கடைத்தெருவில் சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. வாசலில் ஒரு பலகை. அதில் 'திம்மப்பன், தனியார் துப்பறிவாளர்' என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே 'காற்று இலவசம்' என்று சின்ன எழுத்து. இரண்டாவது வரி கீழே இருக்கும் சைக்கிள் கடைக்காரருடையது. பலகை அவருடையது என்பதால் அதை அழிக்கச் சொல்ல முடியவில்லை.

திம்மப்பன் பெங்களூரில் ஒரு வக்கீலிடம் பல வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். வக்கீலை விடத் தனக்குத்தான் மூளை அதிகம் என்று ஒருநாள் தெரிந்துகொண்டார். அதை வக்கீலிடமே சொன்னார். மறுநாள் ஓசூருக்கு வந்து இந்தப் பலகையை மாட்டினார். வேட்டியும் அதற்கு மேல் கோட்டும்தான் உடை. அவருக்கு இருக்கும் ஒரே உதவியாளன் சாந்த் பாஷா. பாஷாவிடம் இருக்கும் ஒரே சொத்து சைடுகார் வைத்த பழைய மோட்டார் சைக்கிள். சைடுகாரில் திம்மப்பன் உட்கார்ந்து போகும்போது பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். திம்மப்பனோ தன்னைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்.

அறைக்குள் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஏழு மாத வயிறு. கண்கள் சிவந்திருந்தன.

"வா பாஷா. இந்தம்மா பேரு செல்லி. இவங்க வீட்டுக்காரரு கரியப்பன், மலையடி ஊதுவத்தி கம்பெனியில மானேஜரோட கார் டிரைவரு. விடியக்காலையில போலீசு வந்து புடிச்சிக்கிட்டுப் போயிட்டாங்களாம்" என்றார் திம்மப்பன்.

"எதுக்குங்க?" என்று கேட்டான் பாஷா.

"திருட்டாம்" என்றாள் செல்லி. அந்தச் சொல்லைச் சொல்லவே அவளுக்குக் கூசியது. "கம்பெனி ஸ்டோர்ல இருந்து நேத்து சாயங்காலம் ரெண்டு டின்னு சந்தனத் தைலம் காணாமப் போயிடுச்சுங்க. இவருதான் கார்ல ஏத்துனாரு, கண்ணால பாத்தேன்னு ஸ்டோர் கீப்பரு மாதப்பன் சொல்லிட்டாரு."

"கரியப்பன் என்ன சொல்றாரு?"

"நேத்து சாயங்காலம் மானேஜரைக் கூட்டிக்கிட்டு அத்திப்பள்ளி போயிருந்தேங்கறாரு. அங்க மிலிட்டரி ஓட்டலுக்குப் பின்னால ஒரு ரூம்பு இருக்குதாம். பெங்களூரு சேட்டு ஒருத்தரு கூட மானேஜரு உக்காந்திருந்தாராம். இருட்டினப்பறம்தான் திரும்பி வந்தாங்களாம்."

"உக்காந்து என்ன பண்ணாங்க?"

செல்லி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அத்திப்பள்ளிக்கு ஆம்பளைங்க எதுக்குப் போவாங்கன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

பாஷாவுக்குத் தெரியும். மெட்ராஸ் ராஜ்யத்தில் மதுவிலக்கு. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டினால் மைசூர் ராஜ்யம். அங்கே தொண்டையைத் தடுக்கச் சட்டம் கிடையாது. பாஷா ஒரு தடவை அதை நேரில் போய்த் தெரிந்துகொண்டான். அவன் தெரிந்துகொண்டதை அன்றைக்கே அவன் மனைவி ஃபகருன்னிசாவும் தெரிந்துகொண்டாள். அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை.

"அப்ப மானேஜர் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சே" என்றான்.

"அவரு நேத்து சாயங்காலம் வூட்டை விட்டு நகரவே இல்லைன்னு சொல்லிட்டாருங்க."

திம்மப்பன் மூக்குப்பொடி டப்பியைத் தட்டினார். "சொல்லத்தான் செய்வாரு. மானேஜர் ஆஞ்சப்பன்தான் இந்த ஊரு மதுவிலக்குப் பிரசாரக் கமிட்டிக்குச் செயலாளரு. இன்னிக்குச் சாயங்காலம் சந்தை மைதானத்துல பெரிய கூட்டம். தாசில்தார் கையால அவருக்குப் பொன்னாடை."

பாஷா வாய்விட்டுச் சிரித்துவிட்டான். செல்லி சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அவனுக்கு வெட்கமாகப் போயிற்று.

"நாளைக்குக் காலையில கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறாங்களாம். கோர்ட்டுக்குப் போயிட்டா வேலை போயிடும். கம்பெனி குடுத்த வூடு போயிடும். அதெல்லாம் போவட்டும்ங்க. எம்புள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே அதைத் திருடன் புள்ளைன்னு சொல்லுவாங்க" என்றாள் செல்லி. சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பாஷா திம்மப்பன் பக்கம் திரும்பினான். "அண்ணா, செக்போஸ்ட்டுல கேட்டா கார் போனது தெரியுமே?"

"அங்க லாரியைத்தான் நிறுத்துவாங்க. காருக்குச் சலாம் போடுவாங்க. சலாம் போடறவன் நம்பரைப் பாக்க மாட்டான்."

"ஓட்டல்காரன்?"

"யாரையும் பாக்காததாலதான் அவன் பொழப்பே ஓடுது. சப் இன்ஸ்பெக்டர் குலாம் ரசூலையும் போயிப் பாத்துட்டேன். நல்ல மனுசன். மானேஜர் வாயால ஒரு வார்த்தை வந்தா இந்த நிமிசமே விட்டுடறேன்னாரு. அந்த வாயை எப்படித் தொறக்கறதுன்னுதான் தெரியலை. ஏம்மா, உங்க மானேஜர் எப்படிப்பட்ட ஆளு?"

செல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு துக்கத்திலும் அவள் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. "ரெண்டு டைரி ஆளுங்க" என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டதும் திம்மப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆஞ்சப்பனிடம் இரண்டு டைரிகள் இருந்தன. ஆபீசுக்குக் கறுப்பு, வீட்டுக்குச் சிவப்பு. இரண்டும் தனித்தனிப் பையில் இருக்கும். இரண்டு பைகளும் அவர் போகுமிடமெல்லாம் போகும். அவற்றைச் சுமப்பது கரியப்பனின் வேலை. ஆபீஸ் பேனாவால் வீட்டு டைரியில் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டார். தொழிலாளி யாராவது கம்பெனியில் கல்யாணப் பத்திரிகையை நீட்டினால், "இது ஆபீஸ். வீட்டுக்கு வந்து கொடு" என்பார். அவன் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், "நீ யாரப்பா?" என்று கேட்பார். போன வருஷம் ஊத்தங்கரையில் அவர் சித்தப்பா செத்துப்போனார். சேதி சொல்ல ஆள் கம்பெனிக்கு வந்தான். ஆபீஸ் நேரத்தில் அழ முடியாது என்று அவனைத் தன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, மணியடித்த பிறகு வீட்டுக்குப் போய், அங்கே அந்தச் சேதியைக் கேட்டு, அதற்கப்புறம்தான் அழுதார். வீட்டில் குளிக்கும்போது ஏதாவது ஆபீஸ் யோசனை வந்துவிட்டால் ஈரத்துண்டோடு தெருவுக்கு வந்து நின்றுதான் யோசிப்பாராம்.

"ஞாயித்துக்கிழமையில கறுப்புப் பையைத் தொறக்கவே மாட்டாருங்க. ஆனா கூடவே எடுத்துக்கிட்டுப் போவாரு" என்று முடித்தாள் செல்லி.

"அப்ப விசயம் சுளுவு" என்றான் பாஷா. "அத்திப்பள்ளி போனது சொந்த ஆசைக்கு. சொந்த விசயம்னா சிவப்பு டைரி. அதை எடுத்துட்டா ஆளு மாட்டிக்கிட்டாரு."

திம்மப்பன் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தார். "வண்டியை எடு."

"டைரியை எப்படிண்ணா வாங்கறது? திருடவா?"

"சே! உனக்குக் கல்யாணம் பண்ணி வெக்கப் போறேன்."

"எனக்கு ஏற்கெனவே ஆயிடுச்சுண்ணா."

"அது மானேஜர் பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

ஓசூர் சின்ன ஊர். இங்கே ஒருவன் தும்மினால் கன்னடத்தில் ஒருவர், தெலுங்கில் ஒருவர், தமிழில் ஒருவர் என்று மூன்று பேர் காரணம் கேட்பார்கள். இந்தப் பொய்க் கல்யாணச் சேதி ஃபகருன்னிசாவின் காதுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்துவிடும். சாப்பாட்டில் என்ன கலக்கப்படும் என்று நினைத்துக்கொண்டே பாஷா வண்டியை உதைத்தான்.

ஆஞ்சப்பன் வீட்டில் அவர் இல்லை. மேடை வேலையைப் பார்க்க மைதானத்துக்குப் போயிருந்தார். அதைத் தெரிந்துகொண்டுதான் திம்மப்பன் வந்திருந்தார். ஆஞ்சப்பனின் மனைவி பூவம்மாள் கதவைத் திறந்தாள். வாயில் வெற்றிலை, இடுப்பில் சாவிக்கொத்து.

"அம்மா, நம்ம பையனுக்குக் கல்யாணம். ஐயா கண்டிப்பா வரணும். அவருக்கு எந்த நாளு சௌகரியம்னு தெரிஞ்சா அந்த நாள்லயே முகூர்த்தம் வெச்சிடலாம்" என்றார் திம்மப்பன்.

பாஷா வெட்கப்படுகிறவன் மாதிரி தரையைப் பார்த்தான்.

"அய்யோ தேவரே, அவருக்காக முகூர்த்தமா?" கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்ட பூவம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. "நில்லுங்க, நில்லுங்க. செவப்பை இன்னிக்கு மறந்து வெச்சிட்டுப் போயிட்டாரு. பொன்னாடை போத்தறாங்கன்னு ஒரே பரபரப்பு. வெறும் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிருக்காரு."

சிவப்பு டைரி வந்தது. அதைப் பூவம்மாள் யாரிடமும் கொடுக்கவில்லை. தானே பிரித்துத் தானே பக்கம் தள்ளினாள். எட்டிப் பார்க்க மட்டும் அனுமதி. பாஷா கழுத்தை நீட்டினான்.

வெள்ளிக்கிழமை: 'காலை: நகம் வெட்டுதல். மாலை: மகனைக் கண்டித்தல். இரவு: மனைவியிடம் பேசுதல், மழை பற்றி.'

"மழையைப் பத்தி மட்டும்தான் பேசுவாருங்களா?" என்று பாஷாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னிக்கு மழைன்னு எழுதியிருந்தாரு. நான் பருப்பு விலையைப் பத்திப் பேச்செடுத்தேன். அது திங்கக்கிழமைக்குன்னு சொல்லிட்டாரு" என்றாள் பூவம்மாள்.

சனிக்கிழமை வந்தது. 'காலை: எண்ணெய்க் குளியல். மதியம்: உறக்கம்.' மாலை என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. குறுக்கே நேராக ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தது.

பாஷாவின் முகம் தொங்கிப்போயிற்று. அத்திப்பள்ளியும் இல்லை, சேட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்தக் கோட்டுக்காகவா மாப்பிள்ளை வேஷம் போட்டான்?

"நேத்து சாயங்காலம் ஐயா வீட்டுலதானேம்மா இருந்தாரு?" என்று திம்மப்பன் சாதாரணமாகக் கேட்டார்.

"யாரு கண்டா? நான் சூளகிரியில எங்கம்மா வீட்டுல இருந்தேன். இன்னிக்குக் காலையிலதான் வந்தேன்."

"இதென்னம்மா கோடு?"

"அது அவரு வழக்கம். வீட்டுக்கு இல்லாத நேரத்துக்குக் கோடு. வேலை நாள்ல பாருங்க, ஆபீஸ் நேரம் பூரா கோடுதான் இருக்கும்." பூவம்மாள் பெருமூச்சு விட்டாள். "கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து நான் பாக்கறது இந்தக் கோட்டைத்தான்."

திம்மப்பன் ஒரு நிமிஷம் அந்தக் கோட்டையே பார்த்தார். பிறகு பூவம்மாளுக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தார். சைடுகாரில் உட்கார்ந்ததும் அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வண்டி ராமநாயக்கன் ஏரியைத் தாண்டும் வரைக்கும் குலுங்கிக்கொண்டே இருந்தார்.

பாஷாவுக்கு எரிச்சலாக இருந்தது. "என்னண்ணா சிரிப்பு? டைரி கைவிட்டுடுச்சு. அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிக்கறது?"

"டைரி எல்லாத்தையும் சொல்லிடுச்சு பாஷா. நீ ஒரு தொப்பியும் நல்ல கோட்டும் இரவல் வாங்கு. சாயங்காலம் நீ பெங்களூர் சேட்டோட ஆளு. ஆஞ்சப்பன்கிட்டப் போயி நான் சொல்லிக் குடுக்கறதை அப்படியே சொல்லு. சொல்லிட்டு அவரு கை எந்தப் பைக்குப் போகுதுன்னு மட்டும் பாரு."

"காலையில மாப்பிள்ளை, சாயங்காலம் சேட்டு ஆளு. ராத்திரிக்கு என்னண்ணா வேசம்?"

"ராத்திரி உன் பொண்டாட்டி கேக்கறப்ப நிரபராதி. அதுதான் கஷ்டமான வேசம்."

சாயங்காலம் சந்தை மைதானம் நிரம்பி வழிந்தது. மதுவிலக்கின் மேல் ஊர் இவ்வளவு பிரியம் வைத்திருக்கிறது என்று பாஷாவுக்கு அன்றுவரை தெரியாது. கூட்டம் முடிந்ததும் சுண்டல் உண்டு என்று தட்டியில் எழுதியிருந்ததை அப்புறம்தான் பார்த்தான். கம்பெனியின் மரப்பெட்டிகளை அடுக்கி, மேலே பலகை போட்டு, அதன் மேல் ஜமக்காளம் விரித்து மேடை கட்டியிருந்தார்கள். ஸ்டோர் கீப்பர் மாதப்பன்தான் மேடைப் பொறுப்பு. வாட்டசாட்டமான ஆள். அவன் பொன்னாடைத் தட்டோடு அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தான்.

ஆஞ்சப்பன் குள்ளமாக, கழுத்துவரை பொத்தான் போட்டு, கழுவித் துடைத்த மாதிரி இருந்தார். நாற்காலியின் இடது பக்கத்தில் சிவப்புப் பட்டை போட்ட பை, வலது பக்கத்தில் கறுப்புப் பை. மைக்குக்கு முன்னால் நின்று முழங்கினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்த ராஜ்யத்தின் மண்ணில் நின்றுகொண்டு நான் ஒரு சொட்டு மதுவைத் தொட்டேன் என்று யாராவது சொல்ல முடியுமா?"

"முடியாது!" என்றது கூட்டம். பாஷாவும் கத்தினான். இந்த ராஜ்யத்தின் மண்ணில் என்று அவர் சேர்த்துக்கொண்டதை ரசிக்காமல் இருக்க அவனால் முடியவில்லை.

பொன்னாடை போர்த்தினார்கள். தாசில்தார் கைகுலுக்கிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார். ஜனங்கள் சுண்டல் அண்டாவைப் பார்த்து நகர்ந்தார்கள். ஆஞ்சப்பன் பொன்னாடையோடு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். இதுதான் சமயம் என்று பாஷா மேடை ஏறினான். இரவல் கோட்டு அக்குளில் பிடித்தது. படுதாவுக்குப் பின்னால் திம்மப்பனும் சப் இன்ஸ்பெக்டர் குலாம் ரசூலும் நின்றார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் செல்லி படுதா கட்டிய மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சலாம் சார். பெங்களூர்ல இருந்து வர்றேன். சேட்டு அனுப்பினாரு. நேத்து அத்திப்பள்ளியில உக்காந்த மாதிரியே வர்ற சனிக்கிழமையும் உக்காரலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

ஆஞ்சப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் மறுப்பார், கத்துவார், ஆளை விட்டு விரட்டுவார் என்று பாஷா தயாராக இருந்தான். அவர் அப்படி எதுவும் செய்யவில்லை. யாராவது ஒரு தேதியைச் சொன்னால் டைரியைத் தேடிப் போவது பல வருஷப் பழக்கம். கை தானாகப் போயிற்று.

கை இடது பக்கம் போகவில்லை. வலது பக்கம் போயிற்று. கறுப்புப் பையின் வாரைப் பாதி அவிழ்த்த பிறகு சட்டென்று நின்றது.

"இன்னைக்கு என்ன கிழமைய்யா? ஞாயிற்றுக்கிழமையில் நான் ஆபீஸ் விஷயம் பேசறதில்லைன்னு உங்க சேட்டுக்குத் தெரியாதா? நாளைக்கு ஆபீசுக்கு வா. நேத்து எத்தனை மணிக்கு உக்காந்தோம்னு பாத்து, அதே மாதிரி எழுதிக்கலாம்" என்றார் ஆஞ்சப்பன் கண்டிப்பாக.

படுதா விலகியது.

"ஆபீஸ் விசயமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே திம்மப்பன் வந்தார். "அத்திப்பள்ளி பிராந்தி ஆபீஸ் விசயமுங்களா சார்?"

பாஷாவுக்கு அப்போதுதான் மண்டையில் உறைத்தது. காலையிலிருந்து அவன் தலைகீழாக யோசித்துக்கொண்டிருந்தான். குடித்தது சொந்த ஆசைக்கு என்றால் சிவப்பு டைரியில் இருந்திருக்கும். ஆனால் இந்த மனிதர் சொந்த ஆசைக்கு ஒரு சொட்டும் குடிக்காதவர். கம்பெனிக்காக மட்டும் குடிக்கிறவர். வியாபாரி ஒருவன் எதிரே உட்கார்ந்தால் அது ஆபீஸ். வீட்டு டைரியில் அந்த நேரத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டைத்தான் திம்மப்பன் படித்திருக்கிறார்.

குலாம் ரசூல் கறுப்புப் பையிலிருந்து டைரியை எடுத்தார். "மன்னிச்சுக்கங்க சார், எனக்கு ஞாயித்துக்கிழமையும் ஆபீஸ்தான்" என்று சொல்லிவிட்டு சனிக்கிழமைப் பக்கத்தைப் பிரித்தார். வெளிச்சத்துக்காக மைக் பக்கம் நகர்ந்து நின்று வாய்விட்டுப் படித்தார்.

"'மாலை: அத்திப்பள்ளி. பெங்களூர் பார்ட்டியுடன் பேச்சு. வண்டி: கரியப்பன். பிராந்தி, கம்பெனி உபசாரம். ஏற்பாடு: மாதப்பன்.'"

மைக்கை யாரும் நிறுத்தியிருக்கவில்லை. மைதானத்தின் நான்கு மூலை ஒலிபெருக்கிகளும் அதை அப்படியே ஊருக்குச் சொல்லின. சுண்டல் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கையில் இலையோடு திரும்பிப் பார்த்தார்கள். "எங்களுக்கு அந்த மாதிரி உபசாரமெல்லாம் கெடையாதே சார்!" என்று கம்பெனித் தொழிலாளி ஒருவன் கத்தினான். மைதானம் சிரித்து அடங்க நேரம் பிடித்தது.

சிரிக்காமல் இருந்தவர்களில் மாதப்பனும் ஒருவன். அவன் பின்னாலேயே நகர்ந்து மேடையை விட்டுக் குதித்தான். பாஷாவும் குதித்தான். இரவல் கோட்டு முதுகில் டர்ரென்று கிழிந்தது. அந்த ஆத்திரத்திலேயே மாதப்பனின் காலை வாரி, அவனைச் சுண்டல் அண்டாவுக்குப் பக்கத்தில் குப்புறத் தள்ளி, முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

"கோட்டுக்காரனுக்கு நீதான் பதில் சொல்லணும்" என்று அவன் காதில் சொன்னான்.

திம்மப்பன் மேடை விளிம்புக்கு வந்து நின்றார். "மானேஜரையும் காரையும் ஊரை விட்டு அனுப்ப அந்தப் பெங்களூர் சேட்டை வரவழைச்சது இவன். அவங்க அங்க இருக்கறப்ப டின்னை எடுத்தது இவன். பழியைக் கரியப்பன் மேல போட்டதும் இவன். ஏன்னா, கரியப்பன் எங்க இருந்தான்னு சொல்லக்கூடிய ஒரே ஆளு மதுவிலக்குக் கமிட்டிச் செயலாளரு. அவரு செத்தாலும் வாயைத் தொறக்க மாட்டாருன்னு இவனுக்குத் தெரியும். எவ்வளவு நல்லாப் புரிஞ்சு வெச்சிருக்கான் பாருங்க சார், உங்களை!" என்று ஆஞ்சப்பன் பக்கம் திரும்பினார்.

"டின்னு எங்கடா?" என்றார் குலாம் ரசூல்.

மாதப்பனின் கண் ஒரு தடவை மேடைக்கு அடியில் போய்விட்டு வந்தது. ஜமக்காளத்தைச் சுருட்டி, பலகையைப் பெயர்த்தார்கள். மூன்றாவது மரப்பெட்டிக்குள் இரண்டு டின்னும் பத்திரமாக இருந்தன. மேடைச் சாமான்களை ஏற்றிக்கொண்டு, வாடகை ஜமக்காளத்தைத் திருப்பிக் கொடுக்க, கமிட்டி லாரி அன்றைக்கே அத்திப்பள்ளிக்குப் போவதாக இருந்தது. மதுவிலக்குக் கமிட்டியின் லாரியை எந்த செக்போஸ்ட்டும் சோதிக்காது. அவ்வளவு நேரம் ஆஞ்சப்பன் நேர்மையைப் பற்றி முழங்கியது அந்தத் தைலத்தின் மேல் நின்றுகொண்டுதான்.

"ஏன் சார், விடியக்காலையில நான் வந்து கேட்டப்ப ஏன் சொல்லலை?" என்று குலாம் ரசூல் கேட்டார்.

ஆஞ்சப்பன் பொன்னாடையின் நுனியைத் திருகினார். "நீங்கள் என் வீட்டுக்கு வந்து கேட்டீர்கள். வீட்டில் கேட்டதற்கு வீட்டு டைரியைப் பார்த்துப் பதில் சொன்னேன். அதில் நான் வெளியே போனதாக இல்லை. நான் பொய் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர்."

அதுவரை மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்ற செல்லி மேடைப்படியில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறி வந்தாள்.

"சார், எம் புருசன் பேரு எந்த டைரியில இருக்குது?"

"ஆபீஸ் டைரியில், அம்மா."

"என் வவுத்துல இருக்கறதை எதுல எழுதுவீங்க?"

கீழே யாரோ மைக்கை நிறுத்தினார்கள்.

வாக்குமூலத்தை அவர் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். கறுப்புப் பேனாவில் ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தினார், சிவப்புப் பேனாவை எடுத்தார், அதையும் வைத்துவிட்டார். கடைசியில் குலாம் ரசூலின் பேனாவை இரவல் வாங்கி எழுதினார். அதைப் படித்துப் பார்த்ததும் சப் இன்ஸ்பெக்டர் லாக்கப்பைத் திறக்கச் சொன்னார்.

கரியப்பன் வெளியே வந்தான். ஒடிசலான ஆள். காக்கிச் சட்டை கசங்கியிருந்தது. செல்லியைப் பார்த்ததும், "சாப்டியா?" என்று கேட்டான். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. அத்தனை பேருக்கும் முன்னால் அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பாஷா கிழிந்த கோட்டை மடிக்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆஞ்சப்பன் வாசலில் இரண்டு பைகளோடு நின்றார். "கரியப்பா, நான் செய்தது தப்புத்தான். நாளைக்கு ஒன்பது மணிக்கு வழக்கம்போல..." என்று ஆரம்பித்தார்.

குலாம் ரசூல் குறுக்கே பேசினார். "ஒண்ணு சொல்றேன் சார், கேட்டுக்கங்க. அத்திப்பள்ளிக்கு மானேஜர் எதுக்கு வந்தாருன்னு இவன்கிட்ட நாள் பூரா கேட்டேன். குடிக்கத்தானேன்னு மிரட்டிக்கூடப் பாத்தேன். பேச்சு வார்த்தைக்கு வந்தாருங்க, டீதான் குடிச்சாருங்கன்னு ஒத்தைக் கால்ல நின்னான்."

ஆஞ்சப்பன் கரியப்பனைப் பார்த்தார். "ஏன் கரியப்பா?"

"இன்னிக்கு உங்களுக்குப் பொன்னாடை போத்தறாங்கன்னு தெரியும் சார். அது கெட்டுடக் கூடாதுன்னு நெனச்சேன்" என்றான் கரியப்பன். அவன் குரலில் கோபம் இல்லை. சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்து, அவர் கையில் இருந்த கறுப்புப் பைக்குள் போட்டான்.

"நாளைக்கு வேற ஆளைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுச் செல்லியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினான். ஆஞ்சப்பனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.